ஒப்பரேஷனுக்குப் பயப்படுகிற அம்மாக்களும் மானிப்பாய் டொக்டர் கிறீனும்

ரூஜ் பக்கம் எந்தப் பிறந்தநாள் விழாவுக்கோ அந்தியேட்டிச் சாப்பாட்டுக்கோ போய்ப் பாருங்கள். அறுபதைத் தாண்டிய நாலு பேர் ஒரு மேசையில் இருந்தால் கதை ஊரில் தொடங்கி, காணி விலையில் கொஞ்சம் நின்று, கடைசியில் ஒப்பரேஷனில் வந்து முடியும். ஒருவருக்கு முழங்கால் மாற்ற நாள் குறித்தாகிவிட்டது. இன்னொருவருக்குப் பித்தப்பையில் கல். ஒரு மாமி கண்புரை எடுக்க இரண்டு முறை திகதி வாங்கி, இரண்டு முறையும் தட்டிக் கழித்துவிட்டா. ஏன் என்று கேட்டால் பயம் என்று மட்டும் சொல்ல மாட்டா. பிரஷர் கொஞ்சம் கூட, மகளுக்கு லீவு இல்லை, தை பிறக்கட்டும் என்று ஏதாவது சொல்லுவா.

அந்தப் பயத்தைக் கொஞ்சம் கிண்டிப் பார்த்தால், கத்தியை விட, என்ன செய்யப் போகிறார்கள் என்று தெரியாததுதான் உள்ளே பெரிதாக இருக்கும். மயக்க மருந்து கொடுத்தால் திரும்ப எழும்புவேனா, நடுவில் முழிப்பு வந்தால் என்ன செய்வது, எந்த இடத்தில் வெட்டுவார்கள், எத்தனை நாளைக்குக் குனிய ஏலாது. இதெல்லாம் ஆஸ்பத்திரியில் தருகிற கையேட்டில் விபரமாக இருக்கிறது. ஆனால் இங்கிலிஷில் இருக்கிறது. பேரப்பிள்ளைதான் வாசித்துச் சொல்ல வேண்டும். பதின்மூன்று வயதுப் பேரனுக்குப் பித்தப்பை என்ற சொல் தெரியாது. அம்மம்மாவுக்கு கோல்பிளாடர் என்றால் என்ன, அது உடம்பில் எங்கே இருக்கிறது என்று தெரியாது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டு, காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார்கள்.

இந்தச் சிக்கலை ஒரு மனிதர் ஏறத்தாழ 160 வருடங்களுக்கு முன்பே எங்கட ஊரில் கண்டு, அதோடு மல்லுக்கட்டி, பெரும்பகுதி வென்றும் காட்டினார். அவர் தமிழர் இல்லை. இதை வாசிக்கிறவர்களில் சிலர் அவர் பெயர் தாங்கிய ஆஸ்பத்திரியில்தான் பிறந்திருப்பீர்கள். மானிப்பாய் கிறீன் ஆஸ்பத்திரி. ஆனால் அந்தக் கிறீன் யார் என்று கேட்டால், ஆரோ ஒரு வெள்ளைக்காரப் பாதிரி என்பதற்கு மேல் எங்களில் கனபேருக்குத் தெரியாது.

1867 ஜூலை முதலாம் திகதி கனடா என்ற நாடு பிறந்தது. அதே வருடம் ‘இரண வைத்தியம்’ என்ற தமிழ்ப் புத்தகம் அச்சில் வந்தது. ட்ரூயிட் என்ற ஆங்கிலேய மருத்துவர் எழுதிய, அந்தக் காலத்து மாணவர்கள் கையோடு கொண்டு திரிந்த சத்திரசிகிச்சைப் பாடநூலின் தமிழ் வடிவம் அது. அதைக் கொண்டுவந்தவர்தான் டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன். கனடாவின் வயதுதான், சத்திரசிகிச்சையைத் தமிழில் விரிவாகச் சொன்ன அந்த நூலின் வயதும். அப்படியிருக்க, 2020-களில் ஸ்காபரோவில் ஒரு அம்மாவுக்குப் பித்தப்பை எடுப்பதைத் தமிழில் சொல்ல ஆள் தேட வேண்டியிருக்கிறது.

கிறீன் 1822 ஒக்டோபர் 10 ஆம் திகதி அமெரிக்காவின் மசசூசெட்ஸ் மாநிலத்தில், வூஸ்டர் என்ற ஊரில் பிறந்தார். குடும்பத்தின் பண்ணைக்குப் பெயர் கிறீன் ஹில். அப்பா சட்டத்தரணி, பெரிய குடும்பம். அவருடைய அண்ணன் அன்ட்ரூ ஹாஸ்வெல் கிறீன் பின்னாளில் நியூயோர்க் நகரத்தின் பெரும்புள்ளிகளில் ஒருவரானார். சென்ட்ரல் பார்க்கை உருவாக்கியதிலும், தனித்தனியாக இருந்த பகுதிகளைச் சேர்த்து இன்றைய பெரிய நியூயோர்க்கை ஆக்கியதிலும் அவருக்கு முக்கிய பங்கு உண்டு. அண்ணன் ஒரு மாநகரத்தைக் கட்டிக்கொண்டிருந்த காலத்தில் தம்பி மானிப்பாயில் தமிழ்ச் சொல் தேடிக்கொண்டிருந்தார். அண்ணன் வேலையைப் பார்க்க இன்றைக்கும் உலகமே விமானம் ஏறிப் போகிறது, நாங்களும்தான் போய் செல்ஃபி எடுத்துக்கொண்டு வருகிறோம். தம்பி வேலை நூலகங்களின் பழைய புத்தக அலுமாரிகளில் கிடக்கிறது.

சாமுவேல் நியூயோர்க்கில் மருத்துவம் படித்து 1845 இல் டொக்டரானார். அந்த வருடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். அவர் படித்து முடிக்கும் வரைக்கும் மயக்க மருந்து கொடுத்து ஒப்பரேஷன் செய்வது என்ற வழக்கமே கிடையாது. நோயாளியை நாலு பேர் பிடித்துக்கொள்ள, முழு நினைவோடு இருக்கும்போதே வெட்டுவார்கள். கெட்டிக்கார டொக்டர் என்றால் நிமிடக் கணக்கில் காலை எடுக்கத் தெரிந்தவர் என்று அர்த்தம். 1846 ஒக்டோபர் 16 ஆம் திகதிதான் பொஸ்டனில் உள்ள மசசூசெட்ஸ் ஜெனரல் ஆஸ்பத்திரியில், மோர்ட்டன் என்ற பல் வைத்தியர் ஈதர் கொடுத்து ஒரு நோயாளியை மயங்க வைக்க, வலியில்லாமல் ஒப்பரேஷன் செய்ய முடியும் என்று எல்லோர் முன்னாலும் காட்டினார்கள். அதற்கு ஆறே மாதத்தில், 1847 ஏப்ரலில், அதே பொஸ்டன் துறைமுகத்திலிருந்துதான் கிறீன் கப்பலேறினார். ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது ஏறத்தாழ 25.

அவர் முதல் ஆள் இல்லை. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டொக்டர் ஜோன் ஸ்கடர் 1820 இலேயே பண்டத்தரிப்பில் வைத்தியம் தொடங்கிவிட்டார். அவருக்குப் பிறகு டொக்டர் வார்ட் வந்தார். கிறீன் கொஞ்ச நாள் வட்டுக்கோட்டையில் இருந்துவிட்டு மானிப்பாய்க்கு மாறினார். 1848 இல் மூன்றே மூன்று மாணவர்களோடு வைத்தியம் கற்பிக்கத் தொடங்கினார். அதுதான் மானிப்பாய் மருத்துவப் பள்ளியின் தொடக்கம்.

அந்தக் காலத்து யாழ்ப்பாணத்தில் வைத்தியமே இருக்கவில்லை என்று நினைக்கக் கூடாது. பரியாரிமார் இருந்தார்கள், ஏட்டுச் சுவடி இருந்தது, முறிவு தறிவுக்கும் புண்ணுக்கும் கண்ணுக்கும் தனித்தனிக் கைதேர்ந்தவர்கள் இருந்தார்கள். புதிதாக வந்தது, அதுவும் அந்நியன் கையில் வந்தது, உடம்பைத் திறந்து பார்க்கிற வைத்தியம். சனம் பயந்ததில் ஒரு பிழையும் இல்லை. இந்த இடத்தில் இன்றைய கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். புண் சீழ் பிடிப்பதற்குக் கிருமிதான் காரணம் என்று எடுத்துக்கொண்டு அதைத் தடுக்கும் முறையை ஜோசப் லிஸ்டர் எழுதி வெளியிட்டதே 1867 இல்தான். அதற்கு முன் லண்டனிலும் பாரிஸிலும் கால் வெட்டப்பட்டவர்களில் பெரும் பங்கினர் ஆஸ்பத்திரியை விட்டு உயிரோடு வெளியே வரவில்லை. ஆகவே கத்தி என்றால் சாவு என்று மானிப்பாய்க் கமக்காரன் நினைத்தால், அவன் லண்டன்காரனை விட மூடன் இல்லை. பயப்படாதே, ஒன்றும் நடக்காது என்று தட்டிக்கொடுத்து அனுப்ப அந்தக் காலத்து டொக்டருக்கு உரிமையும் இல்லை. உள்ளதை உள்ளபடி விளங்கப்படுத்துவதுதான் அவருக்கு இருந்த ஒரே நேர்மையான வழி.

கிறீன் அந்த வழியில்தான் போனார். அவர் வந்த காலத்தில் மானிப்பாயில் மிஷன் அச்சுக்கூடம் இருந்தது, 1841 முதல் ‘உதயதாரகை’ பத்திரிகை வந்துகொண்டிருந்தது. வந்து கொஞ்ச வருடத்துக்குள்ளேயே கொலரா பற்றி, கண் காது கை கால் தோல் பற்றி, சாதாரண ஆட்கள் வாசிக்கிற மாதிரிச் சின்னச் சின்னத் துண்டு நூல்களைத் தமிழில் போடத் தொடங்கினார். கொலரா அலை அலையாக வந்து ஊர் ஊராக ஆட்களைக் கொண்டுபோன காலம் அது. அம்மன் கோபம் என்று நம்பியவர்களிடம், உங்கள் கண் எப்படி வேலை செய்கிறது, உங்கள் தோல் என்ன செய்கிறது என்று முதலில் சொல்லிக்கொடுக்க வெளிக்கிட்ட டொக்டர் அவர். நோய்க்கு முன் உடம்பு. உடம்பு விளங்கினால் வைத்தியம் விளங்கும். இந்த வரிசையை அவர் கடைசி வரைக்கும் விடவில்லை.

ஆனால் பள்ளிக்கூடத்துக்குள் பாடம் இங்கிலிஷில்தான் நடந்தது. வட்டுக்கோட்டை செமினரி போன்ற இடங்களில் படித்துவிட்டு வந்த பெடியள், இங்கிலிஷ் நன்றாகத் தெரிந்தவர்கள். 1857 இல் உடற்கூறும் சுகாதாரமும் பற்றிய கட்டர் என்பவரின் நூலும், மோன்செல்லின் பிரசவ வைத்தியமும் தமிழில் வந்துவிட்டன. ஆனாலும் டொக்டராக வேண்டுமென்றால் இங்கிலிஷ் வேண்டும் என்ற நிலைமை மாறவில்லை. அந்தக் கட்டத்தில் கிறீன் ஊருக்குத் திரும்பிப் போனார். சில வருடம் அமெரிக்காவில் இருந்தார். 1862 இல் மார்கிரட் வில்லியம்ஸைக் கலியாணம் செய்து, மனைவியோடு மானிப்பாய்க்குத் திரும்பி வந்தார்.

திரும்பி வந்த கிறீன் வேற ஆள். 1864 அளவில் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிப்பது என்று முடிவெடுத்தார். அவருடைய நியாயம் இரண்டு. இங்கிலிஷில் படித்த டொக்டர் கிராமத்தில் நிற்க மாட்டான், சம்பளத்துக்கு அரசாங்க உத்தியோகத்துக்கோ தோட்டத்துக்கோ போய்விடுவான். தமிழில் படித்தவன் தன்ட சனத்தோடு ஊரில் நிற்பான். இரண்டாவது நியாயம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒரு அறிவு ஒரு மொழிக்குள் வராதவரைக்கும் அந்த மொழி பேசுகிறவர்களுக்கு அது சொந்தமாகாது. டொக்டர் இங்கிலிஷில் யோசித்துவிட்டு நோயாளிக்குத் தமிழில் ஏதோ ஒன்றைச் சுருக்கிச் சொன்னால், நடுவில் எவ்வளவோ கொட்டிப்போகும். டொக்டர் யோசிப்பதே தமிழில் என்றால், கட்டிலில் கிடக்கிறவளுக்குச் சொல்லவும் அவனுக்கு வார்த்தை இருக்கும்.

எல்லோருக்கும் இது பிடித்துவிடவில்லை. இங்கிலிஷ் படித்தால்தான் உத்தியோகம் என்பது அந்தக் காலத்திலேயே யாழ்ப்பாணத்தானுக்குத் தெரியும். எங்களை விட அவர்களுக்கு அது நன்றாகவே தெரியும் என்று சொல்லலாம். பிள்ளையை இங்கிலிஷ் டொக்டராக்க அனுப்பிய பெற்றோர், வெள்ளைக்காரனே தமிழில் படி என்று சொல்வதை எப்படிக் கேட்டிருப்பார்கள் என்று யோசித்தால் சிரிப்பு வருகிறது. மாணவர்கள் கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு திரிவதும் கிறீனுக்குப் பிடிக்காது. தமிழர் தமிழராகவே இருக்க வேண்டும், கிறிஸ்தவராவதற்கு உடுப்பை மாற்றத் தேவையில்லை என்ற கொள்கை அவருடையது.

இனிமேல் வருவதுதான் அவருடைய வாழ்க்கையின் பெரிய பகுதி. சொல் வேட்டை.

நான் வேலை செய்கிற துறையில் ஒரு மென்பொருளை வேற மொழிக்குக் கொண்டுபோவதற்கு லோக்கலைசேஷன் என்று பெயர். ஒரு பட்டனில் போடுகிற ஒற்றைச் சொல்லுக்கு இரண்டு கூட்டம் வைப்போம். ஒரே சொல்லை ஒரு திரையில் ஒரு மாதிரியும் மற்றத் திரையில் இன்னொரு மாதிரியும் போட்டுவிட்டால் பாவிக்கிற ஆள் குழம்பிப்போவார், ஆகவே முதலில் சொற்பட்டியல் ஒன்றைப் பூட்டி வைத்துவிட்டுத்தான் மற்ற வேலை. கிறீன் இதைக் கம்பியூட்டர் இல்லாமல், தந்தி கூடச் சரியாக வராத காலத்தில் செய்தார். அவருடைய விதி எளியது. ஒரு பொருளுக்குத் தமிழில் ஏற்கனவே சொல் இருந்தால் அதை எடு. இல்லையென்றால் சமஸ்கிருதத்தில் பார். அங்கேயும் சரிவரவில்லையென்றால் இங்கிலிஷ் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுது. பிறகு 1875 இல் அந்தக் கலைச்சொற்களைப் பட்டியலாகவே அச்சிட்டார்.

உடற்கூற்றியலுக்கு அவர் வைத்த பெயர் அங்காதிபாதம். பாதாதிகேசம், கேசாதிபாதம் என்று தலை முதல் கால் வரை பாடுகிற மரபு எங்களிடம் உண்டு. அந்தக் காதுக்கு இந்தச் சொல் அந்நியமாகக் கேட்காது. உடம்பு எப்படி இயங்குகிறது என்ற படிப்புக்குச் சுகரணவாதம். சுகாதாரத்துக்கு உற்பாலனம். கெமிஸ்ட்ரிக்கு மட்டும் சுற்றிவளைக்காமல் கெமிஸ்தம். இதில் சில இன்றைக்கு வாயில் நுழையாது, உண்மைதான். உற்பாலனம் என்று நான் வீட்டில் சொன்னால் சாப்பாட்டுச் சாமான் என்று நினைப்பார்கள்.

ஆனால் சத்திரசிகிச்சை நூலின் பெயரைப் பாருங்கள். இரண வைத்தியம். ரணம் என்றால் புண், காயம். ரண வைத்தியம் ஊருக்குள் ஏற்கனவே புழங்கின சொல். இப்போது நாங்கள் பாவிக்கிற சொற்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் அறுவைச் சிகிச்சை என்கிறார்கள், அறுப்பது சொல்லிலேயே இருக்கிறது. நாங்கள் சத்திரசிகிச்சை என்கிறோம், சத்திரம் என்றால் ஆயுதம். இரண்டு சொல்லும் டொக்டர் பக்கத்தில் நின்றுகொண்டு, அவர் கையில் இருப்பதைக் காட்டுகின்றன. இரண வைத்தியம் நோயாளி பக்கத்தில் நிற்கிறது. உனக்கு ஒரு காயம் இருக்கிறது, அதை ஆற்றப் போகிறோம் என்று சொல்கிறது. கிறீன் இப்படி யோசித்துத்தான் அந்தப் பெயரை எடுத்தார் என்று நான் சொல்ல வரவில்லை. ஊரில் இருந்த சொல்லை எடு என்ற அவருடைய முதல் விதி அவரை அங்கே கொண்டுபோய் நிறுத்தியிருக்க வேண்டும். பயந்தவருக்கு முன்னால் சொல்லப் போகிற சொல் அவருக்குப் பழக்கமான சொல்லாக இருப்பதே பாதி வைத்தியம்.

இந்த வேலையை அவர் தனியே செய்யவில்லை, தனியே செய்யவும் முடியாது. டான்வர்த், சப்மன் போன்ற அவருடைய மாணவர்கள், தாங்களே டொக்டரான பிறகு, மொழிபெயர்ப்பில் இறங்கினார்கள். பெயரைப் பார்த்து வெள்ளைக்காரர் என்று நினைக்க வேண்டாம், எங்கட ஊர்ப் பெடியள்தான். படிப்புக்குக் காசு கொடுத்த அமெரிக்கர்களின் பெயரைப் பிள்ளைகளுக்கு வைப்பது மிஷன் வழக்கம். கிறேயின் உடற்கூற்றியல் என்று மருத்துவ மாணவர்கள் இன்றைக்கும் தூக்கித் திரிகிற அந்தப் பெரிய புத்தகம், முதன்முதல் வெளிவந்தது 1858 இல். பதினாலே வருடத்தில், 1872 இல், அது ‘மனுஷ அங்காதிபாதம்’ என்று தமிழில் வந்துவிட்டது. அதே வருடம் பொது மருத்துவத்துக்கு ‘வைத்தியாகரம்’. 1875 இல் ‘கெமிஸ்தம்’. எல்லாம் சேர்த்து நாலாயிரம் பக்கத்துக்கு மேல். அறுபதுக்கு மேற்பட்ட டொக்டர்மாரை அவர் உருவாக்கினார், அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் தமிழில் படித்தவர்கள்.

விளங்கப்படுத்தினால் பயம் குறையும் என்பது நல்ல எண்ணம் சரி, அதனால் உடம்புக்கு ஏதும் பலன் உண்டா என்று கேட்கலாம். உண்டு. அதை நிறுவியதும் ஈதர் காட்டிய அதே மசசூசெட்ஸ் ஜெனரல் ஆஸ்பத்திரிதான் என்பது நல்ல பொருத்தம். 1964 இல் அங்கே எக்பர்ட் என்ற மயக்க மருந்து டொக்டரும் கூட்டாளிகளும், வயிற்றில் ஒப்பரேஷன் செய்யப் போகிற 97 பேரை எடுத்தார்கள். ஒரு பகுதியினரிடம் முதல் நாளே போய் இருந்து, எந்த இடத்தில் நோகும், எவ்வளவு நோகும், எத்தனை நாளைக்கு நோகும், நோ வந்தால் உடம்பை எப்படித் தளர்த்துவது, கட்டிலில் எப்படித் திரும்புவது என்று சொல்லிக்கொடுத்தார்கள். மற்றப் பகுதியினருக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். யார் எந்தப் பகுதி என்று வெட்டிய டொக்டர்மாருக்கே தெரியாது. சொல்லிக்கொடுக்கப்பட்டவர்கள் கேட்ட நோ மருந்து ஏறத்தாழப் பாதி. சராசரியாக 2.7 நாள் முந்தி வீட்டுக்கும் அனுப்பப்பட்டார்கள். புது மருந்து இல்லை, புது மெஷின் இல்லை. பக்கத்தில் இருந்து கதைத்தார்கள், அவ்வளவுதான்.

என் அம்மாவுக்குச் சில வருடத்துக்கு முன் பித்தப்பை எடுத்தார்கள். கையேடு முழுக்க இங்கிலிஷ். எங்கள் தெருவில் ஊரில் தாதியாக வேலை செய்து ஓய்வுபெற்ற ஒரு அன்ரி இருக்கிறா. அவ வந்து குசினி மேசையில் இருந்து, ஒரு தாளில் ஈரலைக் கீறி, அதற்குக் கீழே சின்னக் கத்தரிக்காய் மாதிரிப் பித்தப்பையைக் கீறினா. நாலு சின்னத் துவாரம்தான் போடுவினம் எண்டு சொன்னா. உள்ளே இடம் தெரிய வேண்டுமென்று வயிற்றுக்குள் காற்றடிப்பார்கள், அந்தக் காற்றால் ஒப்பரேஷனுக்குப் பிறகு தோள்மூட்டு நோகும், வயிற்றில் வெட்டினதுக்கு ஏன் தோள் நோகுது எண்டு பயந்து போகாதேங்கோ, ரெண்டு மூண்டு நாளில் போயிடும் என்றும் சொன்னா. சொன்னபடியே அடுத்த நாள் தோள் நொந்தது. அம்மா அதைப் பெரிதுபடுத்தவே இல்லை, அவ சொன்ன காத்து இதுதான் போல எண்டு சொல்லிவிட்டு தேத்தண்ணி கேட்டா. அந்தத் தோள் நோ பற்றித் தெரியாமல் இருந்திருந்தால் இதயத்தில்தான் ஏதோ என்று நாங்கள் இரவோடு இரவாக எமர்ஜென்சிக்கு ஓடியிருப்போம். எக்பர்ட்டின் 97 பேரும், மானிப்பாய் டொக்டரின் நாலாயிரம் பக்கமும் எனக்கு விளங்கினது அந்த மேசையில்தான்.

கிறீனை முழுப் புனிதராக்கி மாலை போடவும் வேண்டாம். அவர் மதம் பரப்ப வந்தவர், அதை ஒளித்ததும் இல்லை. மருந்தோடு போதனையும் சேர்த்துத்தான் கொடுத்தார். அவருடைய காலத்துச் சைவர்கள் மிஷனைச் சந்தேகத்தோடு பார்த்ததற்குக் காரணம் இருந்தது. ஆறுமுக நாவலரின் இயக்கம் எழுந்ததும் அதே யாழ்ப்பாணத்தில், அதே வருடங்களில்தான். கிறீனின் தமிழில் சமஸ்கிருதம் கூடிப்போனது என்ற குறையும் நியாயமானதே. அதே நேரம், உள்ளூர் வைத்தியத்தை அப்படியே தூக்கி எறிந்தவரும் இல்லை. அவருடைய கடைசி நூலான ‘இந்து பதார்த்த சாரம்’ இந்த மண்ணில் கிடைக்கிற மருந்துப் பொருட்களைப் பற்றியதுதான். மூலம், வாரிங் தொகுத்த இந்திய மருந்து நூல்.

அந்த முயற்சி ஏன் நிலைக்கவில்லை என்பதற்கு ஒரு வில்லனைத் தேடத் தேவையில்லை. 1870 இல் கொழும்பில் அரசாங்க மருத்துவக் கல்லூரி தொடங்கியது, மொழி இங்கிலிஷ். சான்றிதழ் அங்கே, சம்பளம் அங்கே. 1873 இல் கிறீன் உடம்பு முடியாமல் அமெரிக்காவுக்குத் திரும்பினார். அதற்குப் பிறகு மானிப்பாய்ப் பள்ளி கனகாலம் ஓடவில்லை. தமிழில் படித்த டொக்டர்மார் ஊர் ஊராக இருந்து வைத்தியம் பார்த்துவிட்டு, ஒவ்வொருவராக மறைந்தார்கள். அவர்களோடு சொற்களும் போயின. இருபதாம் நூற்றாண்டில் கவிஞர் அம்பி தேடி எடுத்து எழுதாமல் விட்டிருந்தால் எங்களுக்கு இவ்வளவும் தெரிந்திருக்காது. அம்பியும் புலம்பெயர்ந்து அவுஸ்திரேலியாவில் வாழ்ந்தவர்தான்.

ரூஜில் இருந்துகொண்டு இதை எழுதுவதற்குக் காரணம் பழம்பெருமை இல்லை. ஸ்டெயின்ஸ் ரோட்டில் தமிழ்ச் சமூக மையம் கட்டுவதற்காக இவ்வளவு காலம் இவ்வளவு பேர் பாடுபட்டிருக்கிறார்கள். கொஞ்சத் தூரத்தில் ஸ்காபரோப் பல்கலைக்கழக வளாகத்தில் தமிழ் இருக்கைக்குச் சனம் காசு சேர்த்துக் கொடுத்திருக்கிறது. யாழ்ப்பாணத்தில் டொக்டராகவும் தாதியாகவும் இருந்து இங்கே ஓய்வெடுக்கிறவர்கள் இந்தச் சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ பேர். எங்கட பெடியளில் பாதிப்பேர் என்னை மாதிரி கம்பியூட்டர் வேலை. முழங்கால், கண்புரை, பித்தப்பை, இதய பைபாஸ், கர்ப்பப்பை என்று எங்கட அம்மா அப்பாமாருக்கு அதிகம் நடக்கிற ஐந்து ஒப்பரேஷனுக்கு, ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிட வீடியோ, ஊர்ப் பேச்சில், ஒரு தாதி அன்ரி மேசையில் இருந்து கீறிக் காட்டுகிற மாதிரி. இதற்கு அமைச்சரும் வேண்டாம், பெரிய நிதியும் வேண்டாம். முதலில் வேண்டியது ஒரு சொற்பட்டியல். கிறீனுடையதைத் திறந்து பார்த்து, இன்றைக்கு வாயில் நுழைவதை வைத்துக்கொண்டு, நுழையாததை விட்டுவிடலாம். அவரே கெமிஸ்தம் என்று எழுதியவர், நாங்கள் கதீட்டர் என்று எழுதினால் கோபிக்க மாட்டார்.

அதுவரைக்கும் ஒரு சின்ன விஷயம். இங்கே பல ஆஸ்பத்திரிகளில், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டால் போனிலாவது ஒருவரைப் பிடித்துத் தருவார்கள். கேட்கலாம் என்பதே எங்கட ஆட்களில் கனபேருக்குத் தெரியாது. கேளுங்கள். பதின்மூன்று வயதுப் பிள்ளையை அந்த வேலைக்கு விடாதேங்கோ, அது அவனுக்கும் பாரம்.

வூஸ்டருக்குத் திரும்பிய பிறகும் கிறீன் தமிழை விடவில்லை. கிறீன் ஹில்லில் இருந்துகொண்டே கையெழுத்துப் பிரதிகளைத் திருத்தினார். ஏடுகள் கடல் தாண்டிப் போய் வந்தன. தான் இனித் திரும்பிப் போகப் போவதில்லை என்று தெரிந்த பிறகு, ஒரு நாளும் காணப்போகாத நோயாளிகளுக்காக, பத்து வருடத்துக்கு மேல் அந்த வேலை நடந்தது. டால்டனின் உடலியல் நூல் ‘மனுஷ சுகரணம்’ என்று 1883 இல் வந்தது. 1884 மே 28 ஆம் திகதி, 61 வயதில் அவர் இறந்தார். ‘இந்து பதார்த்த சாரம்’ அந்த வருடம்தான் அச்சானது. தமிழருக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்று தன்னுடைய கல்லறைக் கல்லில் எழுத வேண்டும் என்று கேட்டிருந்தார், அப்படியே எழுதினார்கள்.

கிறீன் ஹில் இப்போது வூஸ்டர் நகரத்தின் பொதுப் பூங்கா. குடும்பம் 1905 இல் நகரத்துக்குக் கொடுத்துவிட்டது. ரூஜிலிருந்து காரில் வெளிக்கிட்டால், எல்லையில் நிற்கிற நேரத்தைக் கழித்து, எட்டு ஒன்பது மணித்தியாலம். நியூயோர்க் போய் அண்ணனின் பூங்காவைப் பார்க்கவும் ஏறத்தாழ அவ்வளவு நேரம்தான் எடுக்கும்.